பிள்ளையின் ஈறு வீங்கினால் பிரஷ்ஷை மட்டும் பார்க்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கையில் டீ இருந்தால் குடித்து முடித்துவிட்டு வாருங்கள், ஆறிவிடும்.

ஒரு பிள்ளைக்குப் பல் சொத்தையானாலோ, ஈறு வீங்கி ரத்தம் வந்தாலோ நம் வீடுகளில் உடனே விசாரணை தொடங்கிவிடும். "ராத்திரி பல் தேய்ச்சியா?" "மிட்டாய் வாங்கித் தின்னியா?" குற்றவாளிக் கூண்டில் நிற்பது எப்போதும் பிள்ளைதான். சில நேரம் கூடவே அம்மாவையும் ஏற்றிவிடுவார்கள். "நீ ஒழுங்காத் தேய்ச்சு விட்டிருந்தா இப்படி ஆகுமா?" அதே கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் புகைகிற சிகரெட்டோடு இந்த விசாரணையை நடத்துகிறவரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அவருக்காக.

நான் பல் மருத்துவர் இல்லை. 32 வருடம் ஆறு முதல் பத்து வரை அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். புத்தகத்தில் உள்ளதைப் புரிகிற மாதிரி சொல்வது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று நான் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பழைய மாணவர் ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார்: "டீச்சர், நான் வீட்டுக்குள்ள பிடிக்கதே இல்ல. மொட்டை மாடிக்குப் போயிருதேன். பிள்ளைக்கு இருமல், சளி ஒண்ணும் கிடையாது. பல்லுக்கும் ஈறுக்கும் இதுல என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. புகை என்றால் நுரையீரல் என்றுதான் நாமும் பாடம் நடத்தியிருக்கிறோம். அந்தப் புகை நுரையீரலுக்குப் போவதற்கு முன்னால் வாய், மூக்கு வழியாகத்தானே போகிறது? அதை யாரும் யோசிப்பதில்லை. அவருக்குத் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாகச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் புகையைப் பார்ப்போம். எரிகிற சிகரெட்டிலிருந்து இரண்டு விதமான புகை வருகிறது. ஒன்று, பிடிப்பவர் இழுத்து ஊதுவது. மற்றது, இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில், விரலிடுக்கில் சும்மா இருக்கும்போது நுனியிலிருந்து தானாகக் கிளம்புவது. அறைக்குள் சேருகிற புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. இழுக்கும்போது நெருப்பு நன்றாகக் கனலும். சும்மா இருக்கும்போது சூடு குறைந்து அரைகுறையாக எரியும். ஈர விறகு அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக எரிவதில் நச்சு அதிகம். அது ஃபில்டர் வழியாகவும் வருவதில்லை. ஃபில்டர் பிடிப்பவரின் வாய்ப் பக்கம் இருக்கிறது, பிள்ளையின் பக்கம் இல்லை.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. "பீடியில புகையிலை கொஞ்சம்தான டீச்சர்" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பீடி அணைந்துபோகாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது வருகிற நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் சிகரெட்டில் வருவதைவிட அதிகம் என்றுதான் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. இலையில் சுற்றியிருப்பதால் அது மூலிகை ஆகிவிடாது.

இப்போது பிள்ளையைப் பார்ப்போம். பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய 30 முறை விடும். ஒரே அறை, ஒரே காற்று, ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குள் போகிற நச்சு அதிகம். பெரியவருக்குப் புகை பிடிக்கவில்லை என்றால் எழுந்து வெளியே போய்விடலாம். தொட்டிலில் கிடக்கிற குழந்தை எங்கே போகும்?

புகை பிள்ளையின் உடம்புக்குள் போயிருக்கிறதா இல்லையா என்பதில் ஊகத்துக்கு இடமே இல்லை. அளந்து பார்க்கலாம். நிகோடின் உடம்புக்குள் போனதும் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. ரத்தம், சிறுநீர், எச்சில் மூன்றிலும் அதைக் கண்டுபிடிக்கலாம். வாழ்க்கையில் ஒரு பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத மூன்று வயதுக் குழந்தையின் எச்சிலில் கோட்டினின் இருக்கிறது என்றால், அதை உள்ளே அனுப்பியவர் வேறு யாரோ என்றுதானே அர்த்தம்? எச்சில் என்று சொன்னேன், கவனியுங்கள். ஈறும் பல்லும் இருபத்து நாலு மணி நேரமும் ஊறிக்கொண்டிருப்பது அந்த எச்சிலில்தான்.

ஈறுக்கு என்ன ஆகிறது? ஈறு என்பது பல்லின் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகப் போட்ட சட்டைக் காலர் மாதிரி. பல்லின் மேல் சாப்பாட்டுத் துணுக்கும் கிருமியும் சேர்ந்து ஒரு வழவழப்பான படலம் உண்டாகும். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் தெரியுமே, அதுதான். அது காலரின் ஓரத்தில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். ஈறு அழற்சி என்பது இதுதான். இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுக்கச் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வருடங்கள் போகப் போகப் பல்லைத் தாங்கும் எலும்புவரை இறங்கிவிடும். நாற்பது வயதில் பல் ஆடுகிறது என்று வருகிறவர்கள் பலருடைய கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும். அதே படலத்தில் இருக்கிற வேறு கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரித்தால் அது சொத்தை. ஈறு நோயும் சொத்தையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

வீட்டுப் புகை இந்த இடத்தில் நாலு வழியாக உள்ளே நுழைகிறது.

முதல் வழி, காவலைக் குறைப்பது. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்களின் வேலையைப் புகை கெடுக்கும். புகைப்பவர்களின் ஈறில் இது நன்றாக நிரூபணமான விஷயம். பக்கத்தில் இருப்பவருக்கு அளவு குறைவு, அவ்வளவுதான். பாதை அதேதான்.

இரண்டாவது வழி, மூக்கடைப்பு. புகை சூழ்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இருமல், இளைப்பு, காதுக்குள் நீர் சேர்வது, சீழ் வடிவது எல்லாம் அதிகம். இதில் மருத்துவ உலகத்தில் இரண்டாவது கருத்து கிடையாது. மூக்கு அடைத்த பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கும். இரவு முழுக்க வாய் காய்ந்தால் மேல் முன்பல் ஈறு வறண்டு சிவந்து தடித்துப்போகும். எச்சில் என்பது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிற வாய்க்கால். வாய்க்கால் வறண்டால் கசடு தங்கும். வகுப்பில் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிற பிள்ளையை "என்ன ஆ-ன்னு பார்க்கே" என்று கேலி செய்வதற்கு முன் அதன் மூக்கைக் கவனியுங்கள் என்று புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

மூன்றாவது வழி, வைட்டமின் சி. இந்தச் சத்து இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்கர்வி. பழைய காலத்துக் கப்பல் மாலுமிகளின் நோய். 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிற பிள்ளைகளின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைவாக இருந்தது தெரிந்தது. சாப்பாட்டில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் குறைவுதான். உங்கள் வீட்டில் யாருக்கும் ஸ்கர்வி வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அம்மா காலையில் கொடுக்கிற நெல்லிக்காயில் ஒரு பங்கை அப்பா மாலையில் ஊதித் தள்ளிவிடுகிறார் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

நாலாவது வழி, கிருமிக்கு விருந்து. சொத்தையை உண்டாக்கும் முக்கியமான பாக்டீரியா, நிகோடின் இருக்கும்போது நன்றாக வளர்ந்து படலமாக ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதோடு ஒரே ஸ்பூன், ஒரே டம்ளர், கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவது. பெரியவர் வாயில் இருப்பது பிள்ளை வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

"இதெல்லாம் படிக்க நல்லா இருக்கு, கண்ணால பார்த்த கணக்கு உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு.

ஜப்பானில் கோபே நகரத்தில் 2004 முதல் 2010 வரை பிறந்த 76,920 குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2015-ல் வெளியானது. குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது வீட்டில் யாராவது புகைக்கிறார்களா, குழந்தையின் முன்னாலேயே புகைக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூன்று வயதில் பல்லைச் சோதித்தார்கள். யாருமே புகைக்காத வீட்டில் 100 குழந்தைகளில் 14 பேருக்குச் சொத்தை. புகைப்பவர் இருக்கிறார், ஆனால் குழந்தையின் முன்னால் புகைப்பதில்லை என்ற வீடுகளில் 20 பேருக்கு. குழந்தையின் முன்னாலேயே புகைத்த வீட்டில் ஏறக்குறைய 28 பேருக்கு. 14, 20, 28. படிக்கட்டு மாதிரி ஏறுகிறது பாருங்கள். நாலு மாதக் குழந்தைக்கு அப்போது பெரும்பாலும் ஒரு பல்கூட முளைத்திருக்காது. சாக்லேட்டைக் குற்றம் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் 4 முதல் 11 வயது வரையுள்ள 3,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் கோட்டினினை அளந்து, பல்லையும் சோதித்த ஆய்வு 2003-ல் வந்தது. கோட்டினின் அதிகம் இருந்த பிள்ளைகளுக்குப் பால்பல்லில் சொத்தை அதிகம். வீட்டு வருமானம், பல் மருத்துவரை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

ஈறைப் பற்றியே கேட்டால், 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிள்ளைகளின் ஈறுகளைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். பெற்றோர் புகைக்கிற வீட்டுப் பிள்ளைகளின் ஈறில் கருமைத் திட்டு அதிகம் தெரிந்தது. புகைப்பவர் உதடும் ஈறும் கறுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அது பிள்ளையின் ஈறிலும் தெரிந்திருக்கிறது. இங்கே நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் நிறத்துக்கு ஈறு கறுப்பாக இருப்பது இயற்கை. புகையே இல்லாத வீட்டிலும் கறுத்த ஈறு இருக்கும், அது நோய் இல்லை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் ஈறைப் பார்த்து அழுது, ஏதாவது களிம்பை வாங்கித் தேய்க்காதீர்கள். நாம் பார்க்க வேண்டியது கருமையை அல்ல. சிவப்பு, வீக்கம், ரத்தம், வாய்நாற்றம் இந்த நாலும்தான்.

வளர்ந்த பிறகு? 2001-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு. வாழ்நாளில் புகையிலையைத் தொடாத 6,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள். அவர்களில் வீட்டிலோ வேலையிடத்திலோ அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்களுக்கு எலும்பைத் தொடுகிற ஈறு நோய் வரும் வாய்ப்பு 1.6 மடங்கு இருந்தது. தானே புகைக்காமல், மற்றவர் புகையால் மட்டும் இத்தனை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் இரண்டும் சேர்ந்து போவதைக் காட்டுகின்றன. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் பல்லைக் காட்டி "இது இந்தச் சிகரெட்டால் வந்தது" என்று யாரும் சொல்ல முடியாது. பல் தேய்க்காமல் இனிப்பே தின்றுகொண்டிருந்தால் புகையே இல்லாத வீட்டிலும் பல் கெடும். ஆனால் சொத்தைக்கு எதிராக ஒரு கைக்கு நாலு விரல் போதும் என்று ஐந்தாவதை நாமே வெட்டிக்கொள்ள வேண்டுமா? பிரஷ், பேஸ்ட், சாப்பாடு எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்கிற நாம் புகையை மட்டும் ஏன் பட்டியலில் சேர்ப்பதில்லை?

"என் ஈறு கல்லு மாதிரி இருக்கு, ஒரு சொட்டு ரத்தம் வந்தது கிடையாது" என்று புகைக்கிற ஆண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் புகைப்பவரின் ஈறில் நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான், அழைப்பு மணியின் ஒயரை அறுத்துவிட்டான், அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை என்பதற்காகத் திருடன் இல்லை என்று ஆகுமா? இதை நம்பிக்கொண்டு அவர் தன் பிள்ளையின் ஈறைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

"விழுகிற பல்தானே" என்ற இன்னொரு வாதமும் உண்டு. வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் இல்லை, சத்துணவில் கடித்துச் சாப்பிட வேண்டிய எதையும் சாப்பிடாது. பால்பல்லின் வேரில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் கெடலாம். நேரத்துக்கு முன்னாலேயே பால்பல்லைப் பிடுங்கினால் இடம் அடைத்துப்போய் அடுத்த பல் கோணலாக முளைக்கும். விழப்போகிற பல்தான், ஆனால் அது விழ வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது.

இனி மொட்டை மாடி. இதற்கும் அளவு இருக்கிறது. ஸ்வீடனில் சின்னக் குழந்தைகளின் சிறுநீரில் கோட்டினினை அளந்தார்கள். 2004-ல் வந்த ஆய்வு. வீட்டுக்குள் புகைக்கிறவர்களின் குழந்தைகளுக்கு, புகைக்காத வீட்டுக் குழந்தைகளைவிட ஏறக்குறைய 15 மடங்கு. கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ப் புகைத்தவர்களின் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 2 மடங்கு. ஆக, என் மாணவர் மாடிக்குப் போவது வீண் இல்லை. பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதற்கு அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் பூஜ்ஜியம் ஆகவில்லை. புகை சட்டையில், மீசையில், தலைமுடியில், விரலில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கி வருகிறது. வந்த உடனே பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறார். அடுத்தவர் புகையில் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. ஸ்வீடனில் கதவைச் சாத்தினார்கள், அதையும் மறக்காதீர்கள். நம் வீட்டு வாசல் கதவை யார் சாத்துகிறார்கள்? ஜன்னலோரம், அடுப்படி வாசல், கழிப்பறை, பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு ஒரு கையில் சிகரெட். இதெல்லாம் "வெளியே" கணக்கில் வராது.

சட்டம் என்ன செய்கிறது? 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விதிகள் இறுக்கப்பட்டன, 200 ரூபாய் வரை அபராதம். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. இந்தச் சட்டங்களால் பஸ்ஸிலும் தியேட்டரிலும் காற்று எவ்வளவோ மாறியிருக்கிறது. அந்தக் காலத்துப் பஸ் பயணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எல்லாச் சட்டமும் நம் வீட்டு நடைப்படியோடு நின்றுவிடுகிறது. 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைப்பவர்கள் 100 பெரியவர்களில் ஏறக்குறைய 11 பேர். ஆனால் வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்கள் ஏறக்குறைய 39 பேர். ஒருவர் பற்ற வைத்தால் மூன்று, நாலு பேர் சுவாசிக்கிறார்கள். இந்தக் கணக்கில் குழந்தைகள் சேரவில்லை, பெரியவர்கள் மட்டும்தான். இங்கிலாந்தில் 2015 முதல் 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைக்கத் தடை இருக்கிறது. அங்கேயும் வீட்டுக்குள் போலீஸ் வருவதில்லை. வரவும் வேண்டாம். வீட்டுக்குள் சட்டம் போட வேண்டியது வீட்டில் உள்ளவர்கள்தான்.

யார் போடுவது? இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன்.

பள்ளிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பிள்ளைகளிடம், "இன்னைக்கு வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட பீடி குடிக்காதீங்கன்னு சொல்லணும், சரியா?" என்று கை தூக்க வைத்து உறுதிமொழி வாங்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு மறுநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கன்னம் கன்றி வந்தாள். அப்பாவின் பீடிக்கட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாளாம். அந்தப் பிள்ளையை யார் அனுப்பினார்கள் அந்தச் சண்டைக்கு? பெரியவர்கள் கேட்கப் பயப்படுகிற கேள்வியைப் பிள்ளையின் வாயில் வைத்து அனுப்புவதுதான் விழிப்புணர்வா? பிள்ளை பாதுகாக்கப்பட வேண்டியவள். அவளைக் காவல்காரி ஆக்கக் கூடாது.

அம்மாவிடமும் இதே கதைதான். "நீ சொல்லக் கூடாதா?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். எங்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற பெண்கள் ஏராளம். சுற்றுகிறவளும் அவள்தான், ஊதுகிற புகையைச் சுவாசிக்கிறவளும் அவள்தான், பிள்ளைக்கு ஈறு வீங்கினால் திட்டு வாங்குகிறவளும் அவள்தான். பீடிக் காசில்தான் அந்தப் பிள்ளை என் வகுப்புக்கு நோட்டு வாங்கிக்கொண்டு வந்தது. அவளிடம் போய் "புகையிலை கெடுதல்" என்று வகுப்பு எடுக்க எனக்கு வாய் வராது. அவளுக்கு வேறு வேலை கொடுங்கள், பிறகு பேசலாம்.

ஆகவே கேட்க வேண்டியது, பிள்ளையும் இல்லை, பிழைப்புக்காகச் சகித்துக்கொண்டிருக்கிற அம்மாவும் இல்லை. அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்பவர்கள் கேட்க வேண்டும். தாத்தா, ஆச்சி, மாமா, அண்ணன், அவர் மதிக்கிற மருத்துவர். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவும் வந்தால் ஆசிரியர் கேட்கலாம், எல்லோர் முன்னாலும் அல்ல, தனியாக, மரியாதையாக. பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பல்லைப் பார்த்துவிட்டு அட்டையில் "சொத்தை: 3" என்று எழுதுகிறது. அதே அட்டையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: "வீட்டில் புகைப்பவர் உண்டா?" பதில் உண்டு என்றால் திட்டுவதற்கு அல்ல. பிள்ளையோடு சேர்த்து அவருக்கும் ஒரு வழி சொல்வதற்கு. பல் மருத்துவர்களிடமும் இதையே கேட்கிறேன். "ஸ்வீட் கொடுக்காதீங்க" என்று அம்மாவிடம் சொல்கிற அதே மூச்சில், பக்கத்தில் நிற்கிற அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டு சொன்னால் நம் ஆட்கள் கேட்பார்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது.

1. வீட்டுக்குள், வண்டியில், பிள்ளை இருக்கும் இடத்தில் புகை இல்லை. விருந்தாளிக்கும் இதே விதி. மாமனார் வந்தாலும் இதே விதி.

2. இன்னும் விட முடியாதவர்கள் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டுப் பிடியுங்கள். திரும்பி வந்ததும் கையும் முகமும் கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். இது தற்காலிக ஏற்பாடு மட்டும்தான்.

3. வாரம் ஒரு நாள் பிள்ளையின் உதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லோடு ஒட்டி உறுதியாக இருக்கும். வீக்கம், ரத்தம், சின்னக் கொப்புளம் மாதிரி சீழ் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது.

4. இரண்டு வேளை, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று தேய்த்துவிட வேண்டும். அந்தப் பெரியவர் ஏன் அப்பாவாக இருக்கக் கூடாது? செங்கல் பொடி, சாம்பல் வேண்டாம், ஈறைக் கிழிக்கும்.

5. பிள்ளை வாயைத் திறந்து தூங்கினால், குறட்டை விட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச எண் இருக்கிறது: 1800 11 2356. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தினமும் கையில் வைத்திருக்கிற பெட்டி, ஒருநாள் திருப்பிப் பார்த்து டயல் செய்யுங்கள். முதல் முயற்சியில் விட்டவர்கள் குறைவு. நாலாவது, ஐந்தாவது முயற்சியில் விட்டவர்கள் நிறைய. பரீட்சையில் அட்டெம்ப்ட் கணக்கு இருக்கலாம், இதில் கிடையாது.

புகைக்கிற அப்பாக்களே, உங்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் கடன் வாங்கியவர்கள், காய்ச்சல் என்றால் நடு ராத்திரியில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் நீங்கள். உங்கள் உடம்பு, உங்கள் காசு, விடுவதும் விடாததும் உங்கள் முடிவு என்றுகூட வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளையின் வாய் உங்களுடையது அல்ல. அதற்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. அந்தப் பல்லை வைத்து அது இன்னும் அறுபது, எழுபது வருடம் சாப்பிட வேண்டும்.

பிரயோஜனம் இருக்கிறது என்று நினைத்தால் பகிருங்கள். யாரையும் டேக் செய்து அவமானப்படுத்த வேண்டாம். தனியாக அனுப்புங்கள், படிப்பார்கள்.